பூட்டத் தெரிந்த கைகளுக்குப் பறக்க இடம் வேண்டும்

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், குடிமைப் பயன்பாட்டு ட்ரோன்களுக்கான புதிய மசோதா ஒன்றின் வரைவை 2025 செப்டம்பரில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. ஊக்குவிப்பு, ஒழுங்குமுறை ஆகிய இரண்டையும் அதன் தலைப்பு சொல்கிறது. ஆனால் பிரிவுகளைப் படிப்பவர்களுக்கு இரண்டாவது சொல்லின் கனமே முதலில் தெரியும். பதிவு கட்டாயம், வகைச் சான்றிதழ் கட்டாயம், மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம், சில மீறல்களுக்குச் சிறைத் தண்டனை, காவல்துறைக்குப் பறிமுதல் அதிகாரம் என்று அந்த வரைவு செல்கிறது. பெருநிறுவனங்கள் இவற்றையெல்லாம் ஒரு சட்ட ஆலோசகரை அமர்த்திச் சமாளித்துவிடும். ஒரு சட்டகத் தொகுப்பை வாங்கி வந்து, நான்கு மோட்டார்களைத் தானே பூட்டி, தானே பறக்கவிட்டுப் பார்க்க விரும்பும் பாலிடெக்னிக் மாணவர் என்ன செய்வார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை டெல்லியிலோ சென்னையிலோ நின்று கேட்பதைவிட மண்டபத்தில் நின்று கேட்பது பொருத்தமானது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களுக்கு நடுவே நீளும் குறுகிய நிலப்பகுதி அது. அங்கே இந்தியக் கடலோரக் காவல்படையின் நிலையம் இருக்கிறது. அருகேயுள்ள உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது. ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு 2012-இல் அத்தளத்தில் தொடங்கப்பட்டது. கிழக்கே பாம்பன் பாலம். அதைத் தாண்டினால் ராமேசுவரம், தனுஷ்கோடி. தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். தெற்கே 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. ஒரு ட்ரோன் பறக்கக் கூடாத இடங்கள் எவை என்று பட்டியலிட்டால், அவற்றில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே கடற்கரையில் காணலாம்.

அதே நேரத்தில், ட்ரோன் மிகவும் தேவைப்படும் இடமும் இதுதான். கடற்பாசி வளர்க்கும் மிதவைகளைக் கண்காணிக்க வேண்டும். கடலில் அறுந்து கிடக்கும் வலைகளைக் கண்டறிய வேண்டும். கடற்புல் படுகைகளின் பரப்பை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். திசைமாறிய நாட்டுப்படகைத் தேட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய தொழில் வளர வேண்டுமெனில், மேலிருந்து பார்க்கும் கண் ஒன்று தேவை. அந்தக் கண்ணைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர் உள்ளூரில் இருப்பாரா, அல்லது ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டுமா என்பது பொருளாதாரம் சார்ந்த கேள்வி.

முதலில், சட்டகத் தொகுப்பு என்பது என்ன என்று பார்ப்போம். கடைக்காரர்கள் 'ஃபிரேம் கிட்' என்பார்கள். மாணவர்களிடையே அதிகம் புழங்குவது எஃப்450 என்னும் வகை. மூலைவிட்டத்தில் ஒரு மோட்டாரிலிருந்து எதிர் மோட்டார் வரை 450 மில்லிமீட்டர் இருப்பதால் அந்தப் பெயர். கண்ணாடி இழைத் தகடுகள் இரண்டும் பிளாஸ்டிக் கைகள் நான்கும் கொண்ட அந்தச் சட்டகத்தின் எடை 300 கிராமுக்கும் குறைவு. அதன்மேல் தூரிகையற்ற மோட்டார்கள் நான்கு, அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைகள் நான்கு, இறக்கைகள் நான்கு, ஒரு லித்தியம் பாலிமர் பேட்டரி, ஒரு பறத்தல் கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு வானொலி ஏற்பி ஆகியவற்றைப் பொருத்தினால் ட்ரோன் தயார். இரண்டு மோட்டார்கள் கடிகாரத் திசையிலும் மற்ற இரண்டு எதிர்த்திசையிலும் சுழல வேண்டும். இல்லாவிட்டால் எழும்பியவுடன் பம்பரமாகச் சுற்றும். கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள உணரிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சாய்வை அளந்து, எந்த மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்று ஆணையிடுகின்றன.

இதில் ஒரு மாணவர் கற்பவை ஏராளம். ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ள ட்ரோன் நிலையாக நிற்க 180 வாட் அளவுக்கு மின்திறன் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். 11.1 வோல்ட், 5,200 மில்லியாம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் ஏறத்தாழ 58 வாட்-மணி ஆற்றல் இருக்கும். பேட்டரி கெடாமல் இருக்க அதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எனவே 46 வாட்-மணி. அதை 180-ஆல் வகுத்தால் கால் மணி நேரம். பறக்கும் நேரத்தைக் கூட்டுவதற்காகப் பெரிய பேட்டரியைப் பொருத்தினால் எடை கூடும். எடை கூடினால் மின்திறனும் கூடுதலாகத் தேவைப்படும். ஓர் எல்லைக்குமேல் பேட்டரியைச் சேர்ப்பதில் பயனே இராது. வகுப்பறையில் குறைந்துசெல் விளைவு விதியைக் கரும்பலகையில் வளைகோடாக வரைந்து விளக்கப் பல மணி நேரம் செலவிட்டவன் நான். அதே விதியை ஒரு மாணவர் தராசும் மின்னளவியும் கொண்டு தானே கண்டுகொள்வதற்கு ஈடான பாடம் வேறில்லை.

பாதுகாப்பும் இதில் ஒரு பாடம். இறக்கைகளைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் மோட்டாரின் சுழல்திசையைச் சோதிக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மீண்டும் மின்னேற்றக் கூடாது. மின்னேற்றும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும். திசைகாட்டி உணரியை இரும்புக் கட்டுமானங்களுக்கு அருகில் அளவுத்திருத்தம் செய்யக் கூடாது. இவற்றைக் கைப்பழக்கத்தால் கற்றவர்தான் பின்னாளில் 20 கிலோ எடையுள்ள தெளிப்பு ட்ரோனை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்.

தமிழகத்துக்கு இந்தக் கைப்பழக்கம் புதிதல்ல. ராமேசுவரத்தில் 1931-இல் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்ஐடியில் விமானப் பொறியியல் பயின்றார் என்பது அனைவரும் அறிந்தது. அவர் பிற்காலத்தில் பெங்களூரில் ஒரு குழுவுடன் வடிவமைத்த 'நந்தி' என்னும் மிதவை ஊர்தியும், கிடைத்த பாகங்களைக் கொண்டு தாமே செய்துபார்க்கும் முயற்சியில் பிறந்ததே. அதே எம்ஐடி வளாகத்தின் வானூர்தி ஆராய்ச்சி மையத்தில்தான் 'தக்ஷா' என்னும் ட்ரோன் குழு வளர்ந்தது. தொலைவான ஓரிடத்திலிருந்து ரத்த மாதிரியை ட்ரோன் மூலம் எடுத்து வரும் ஆஸ்திரேலியப் போட்டியில் 2018-இல் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்ததால் செய்தி பரவலாகப் பேசப்பட்டது. மாணவர்கள் தம் கையால் செய்த கருவி உலக அளவிலான போட்டியில் நின்றது என்ற செய்தி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்த முயற்சியிலிருந்து ஒரு நிறுவனமும் பிறந்தது. 2022-இல் தமிழக அரசு ஆளில்லா வான்வழி வாகனங்களுக்கென ஒரு கழகத்தையே உருவாக்கியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைத் திருகாணியால் இணைப்பதை உற்பத்தி என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. சட்டகத் தொகுப்பைப் பிரித்து மேசையில் பரப்பினால், நம் தொழில்துறை எங்கெங்கே பிறரைச் சார்ந்திருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். சட்டகத்தை இங்கேயே வெட்டலாம். இறக்கையை இங்கேயே வார்க்கலாம். கட்டுப்பாட்டு மென்பொருளில் ஆர்டுபைலட் போன்றவை எவரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத்தில் கிடைக்கின்றன. ஆனால் மோட்டாரின் காந்தம், வேகக் கட்டுப்பாட்டுப் பலகையின் சில்லுகள், பேட்டரியின் கலங்கள் ஆகியவை பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. எடை குறைந்த பாகங்கள் நம்முடையவை. விலை கூடிய பாகங்கள் பிறருடையவை.

இதன் விளைவுகளை அண்மைக்காலத்தில் கண்டோம். சீனா 2023 செப்டம்பர் முதல் சில வகை ட்ரோன்களுக்கும் பாகங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றைக் கொண்ட காந்தங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே, 2025 பிப்ரவரியில், சீன மின்னணுப் பாகங்கள் குறித்த ஐயத்தால் 400 ட்ரோன்களுக்கான கொள்முதல் ஒப்பந்தங்களை நம் ராணுவம் ரத்து செய்ததாகச் செய்திகள் வெளியாயின. உள்நாட்டில் பூட்டப்பட்டதாலேயே ஒரு கருவி உள்நாட்டுக் கருவி ஆகிவிடாது என்பதை அந்த முடிவு உணர்த்தியது.

ஆயினும், பூட்டுவது உற்பத்தியல்ல என்பதாலேயே அது பயனற்றது என்று முடிவு கட்டுவது பொருளாதார வரலாற்றை மறப்பதாகும். விமானத் தொழிலிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர் டி.பி. ரைட் 1936-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், செய்யப்பட்ட விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்புச் செலவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதைக் காட்டினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, 1962-இல் இதை 'செய்து கற்றல்' என்னும் கோட்பாடாக விரித்தார். அறிவு என்பது ஆய்வகத்தில் மட்டும் பிறப்பதல்ல. செய்யும் செயலின் துணைவிளைவாகவும் பிறக்கிறது என்பதே அதன் சாரம். செய்பவர் இல்லாத நாட்டில் அந்த அறிவு பிறக்காது.

கோயம்புத்தூரைப் பாருங்கள். ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரங்களின் இயல்பைக் கற்றார். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாராகக் குறிப்பிடப்படுகிறது. அதன் தொடர்ச்சியாக அந்த நகரம் பம்புசெட்டுகளுக்கும் வெட்கிரைண்டர்களுக்கும் பெயர் பெற்றது. தாமிரக் கம்பி சுற்றத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் அங்கே இருக்கின்றன. ட்ரோன் மோட்டாரும் அடிப்படையில் கம்பிச் சுற்றும் காந்தமும்தான். காந்தம் கிடைத்தால் மோட்டாரை அந்தக் கைகள் செய்யும். அரிய மண் நிரந்தரக் காந்தங்களை உள்நாட்டில் ஆண்டுக்கு 6,000 டன் உற்பத்தி செய்யும் நோக்கில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் காந்தம் வந்து சேரும் நாளில் அதை வாங்கிப் பயன்படுத்தும் சிறு பட்டறைகள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

நம் கொள்கைகள் சிறு பட்டறையை எப்படி நடத்துகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ட்ரோன் துறைக்கான உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் 2021 செப்டம்பரில் 120 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகை, 2020-21-இல் உள்நாட்டு ட்ரோன் நிறுவனங்கள் அனைத்தின் மொத்த விற்பனையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று அரசே கூறியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அதில் தகுதி பெற, பாகங்கள் செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கே ஆண்டு விற்பனை 50 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். ட்ரோன் செய்வதாயின் 2 கோடி ரூபாய். 2022 பிப்ரவரியில் அயல்நாட்டு ட்ரோன்களை முழுமையாகவோ, பகுதியாகப் பிரித்தோ, முற்றிலும் பிரித்த தொகுப்பாகவோ இறக்குமதி செய்யத் தடை விதிக்கப்பட்டது. பாகங்களைத் தனித்தனியே இறக்குமதி செய்யத் தடையில்லை. 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கான சரக்கு-சேவை வரி ஒரே சீராக 5 சதவீதமாக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் தொழிலுக்கு உதவுபவை. ஆனால் எதுவுமே, தொழிலுக்குள் இன்னும் காலடி வைக்காத 19 வயது இளைஞரை நோக்கி எழுதப்பட்டதல்ல.

அந்த இளைஞரை நோக்கி எழுதப்பட்ட ஒரே சட்ட ஆவணம் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவ்விதிகள் 25 கிலோ வரை எடையுள்ள, கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும் பயன்படும், கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் இயக்கப்படும் ட்ரோன்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்றன. கல்வி நிறுவனங்களும் அங்கீகரிக்கப்பட்ட புத்தொழில் நிறுவனங்களும் பச்சை மண்டலத்தில், தம் வளாகத்துக்குள் அல்லது தம் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியில், ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும் ட்ரோன்களுக்குப் பதிவெண்ணும் விமானிச் சான்றும்கூடத் தேவையில்லை என்றன. 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்குவதற்கும் விமானிச் சான்று வேண்டியதில்லை. இந்த விதிகள் எப்போது வந்தன என்பதை நினைவுகூர வேண்டும். 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன்கள் மூலம் குண்டு வீசப்பட்டது. அதன்பின் இரண்டே மாதங்களில் அரசு விதிகளைத் தளர்த்தியது. பயங்கரவாதியையும் மாணவரையும் பிரித்தறியும் தெளிவு அன்று ஆட்சியாளர்களுக்கு இருந்தது.

புதிய மசோதாவின் வரைவில் அந்தத் தெளிவு மங்கியிருப்பதாகத் துறை சார்ந்தவர்கள் கவலை தெரிவித்தனர். வகைச் சான்றிதழ் என்பது இயக்குவதற்கு மட்டுமன்றி, செய்வதற்கும் பூட்டுவதற்கும்கூட முன்நிபந்தனை ஆகிவிடக்கூடும் என்பது அவர்களது முதன்மையான அச்சம். விலக்குகளைப் பின்னர் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது போதாது. விதி என்பது ஓர் அறிவிக்கையில் வந்து, இன்னோர் அறிவிக்கையில் போய்விடக் கூடியது. கல்விக்காகப் பூட்டுபவருக்கான விலக்கு சட்டத்தின் உடலிலேயே எழுதப்பட வேண்டும். தவறும் மாணவருக்குப் பறிமுதலும் வழக்கும் என்ற நிலை வந்தால், எந்தக் கல்லூரி முதல்வரும் ட்ரோன் மன்றத்துக்கு அனுமதி தர மாட்டார். கல்லூரி நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இது நன்கு தெரியும்: பொறுப்பைத் தவிர்ப்பதே அங்கே பாதுகாப்பான முடிவு. தடை எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, அச்சமே தடையாகிவிடும்.

மண்டபத்துக்கு வருவோம். மேற்சொன்ன விலக்குகளில் பெரியதான ஆராய்ச்சி விலக்குக்குப் 'பச்சை மண்டலம்' என்பது நிபந்தனை. எந்த இடம் பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்பதை அரசின் இணைய வரைபடம் காட்டுகிறது. பறக்கவிடும் முன் அதைப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் கடற்படை விமானத் தளம், கடலோரக் காவல்படை, பன்னாட்டுக் கடல் எல்லை, தேசியப் பூங்கா, தனுஷ்கோடியில் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட பூநாரைப் பறவைகள் சரணாலயம் என்று காரணங்கள் அடுக்கடுக்காக இருக்கும் ஒரு கடற்கரையில், எந்த அதிகாரியிடம் கேட்டாலும் 'வேண்டாம்' என்ற பதிலே எளிதில் கிடைக்கும். சென்னை மாணவருக்கு உள்ள வாய்ப்பு மண்டபத்து மாணவருக்கு இல்லாமல் போவதற்குச் சட்டம் காரணமல்ல, நிலவியல் காரணம். நிலவியலால் வரும் இழப்பை ஈடுசெய்வது அரசின் கடமை.

பாதுகாப்புத் தரப்பின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பஞ்சாப் எல்லையில் ட்ரோன்கள் போதைப்பொருளைச் சுமந்து வருகின்றன. மண்டபக் கரையில் கடல் அட்டை உள்ளிட்ட பொருள்களின் கடத்தல் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. கடலில் 30 கிலோமீட்டர் என்பது தொழில்முறை ட்ரோனுக்குப் பெரிய தொலைவல்ல. ஆனால் கால் மணி நேரம் மட்டும் பறக்கக்கூடிய, கல்லூரியின் பதிவேட்டில் பெயருள்ள, ஆசிரியர் கண்முன் இயங்கும் கருவி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கடத்தல்காரர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. சட்டத்தை மதிப்பவரை மட்டும் தடுக்கும் சட்டம், பாதுகாப்பைக் கூட்டாது. மேலும், ஓர் ஊரில் ட்ரோனின் ஒலியையும் ஒளியையும் நடமாட்டத்தையும் அறிந்த இளைஞர்கள் இருந்தால், அந்நிய ட்ரோன் ஒன்று வந்திறங்கும்போது அதை முதலில் அடையாளம் காண்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். இக்கடற்கரையின் மீனவர்கள் கடலில் நடமாடும் ஐயத்துக்குரிய படகுகளைப் பற்றிக் காவல்படைக்குத் தகவல் தருவது போன்றதே இதுவும்.

எனவே என்ன செய்யலாம்? முதலாவதாக, மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் பகுதிகளின் மாணவர்களுக்கென, கடலிலிருந்தும் விமானத் தளத்திலிருந்தும் போதிய தொலைவில், உள்நிலத்தில் ஒரு பறத்தல் திடலைக் குறிக்க வேண்டும். குறிப்பிட்ட நாள்கள், குறிப்பிட்ட நேரம், குறைந்த உயரம் என்று வரையறுத்து, கடற்படைக்கும் காவல்துறைக்கும் முன்கூட்டியே அறிவித்து, ஓர் அரசு நிறுவனத்தின் பொறுப்பில் அதை நடத்தலாம். ராமநாதபுரத்தில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியோ, அரசுத் தொழிற்பயிற்சி நிலையமோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். திடலின் ஒரு பகுதியில் நான்கு புறமும் மேலேயும் வலை கட்டிவிட்டால், முதன்முறை பறக்கவிடுபவரின் கருவி அதைத் தாண்டிச் செல்லாது. வலைக்குப் பஞ்சமில்லாத ஊர் அது.

இரண்டாவதாக, மண்டபத்தின் குறையாகக் கருதப்படுவதை அதன் வலிமையாக்க வேண்டும். பாம்பன் கடற்பகுதி, உலகின் மிகக் கடுமையான அரிப்புத்தன்மை கொண்ட சூழல்களில் ஒன்று என்று பொறியாளர்கள் கூறுவர். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். மாணவர் பூட்டும் சிறு ட்ரோன் அதில் பாதி வேகக் காற்றிலேயே தடுமாறும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் மக்கள் வாழும் கரை இது. உப்புக்காற்றிலும் சுழல்காற்றிலும் தாக்குப்பிடிக்கும் ட்ரோன், இந்தியக் கடற்கரையின் எப்பகுதியிலும் தாக்குப்பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 45 கோடி ரூபாயில் ட்ரோன்களுக்கான பொதுச் சோதனை மையம் திட்டமிடப்பட்டது. அது 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கடல்சார் ட்ரோன்களைச் சோதிக்கும் ஒரு சிறு கிளையை, படைத் தரப்பின் மேற்பார்வையிலேயேகூட, மண்டபம் பகுதியில் அமைக்கத் தமிழக அரசு முயல வேண்டும்.

மூன்றாவதாக, வேலை கொடுக்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கப்பட்டது; முன்பு அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்குச் சென்றுவிட்டாலும், மண்டபத்தில் அதன் மண்டல மையம் இயங்குகிறது. கடற்புல், கடற்பாசி, கரையோர மாற்றங்கள் குறித்த ஆய்வுகளுக்கு வேண்டிய வான்படங்களை எடுக்கும் பணியில், உரிய அனுமதிகளுடன், உள்ளூர்க் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கருவியை உண்மையான தேவைக்காகச் செய்யும்போதுதான் அது செம்மைப்படும். எதற்காகப் பறக்கிறோம் என்ற கேள்வி இல்லாத ட்ரோன், திருமண மண்டபத்தின்மேல் சுற்றும் படக்கருவியோடு நின்றுவிடும்.

நான்காவதாக, பழுதுபார்ப்பவர்களை உருவாக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு விவசாய ட்ரோன்களை வழங்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு ட்ரோனை இயக்கவும், மின்சாதனப் பழுதுபார்ப்பில் ஆர்வமுள்ள இன்னொருவருக்கு உதவியாளராகவும் பயிற்சி தருவது அத்திட்டத்தின் நல்ல அம்சம். ஆனால் சில நாள் பயிற்சியில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையின் கோளாறைக் கண்டறியும் திறன் வராது. விதைப்புக் காலத்தில் ஒரு மோட்டார் நின்றுபோனால், அந்த வட்டத்திலேயே அதைச் சரிசெய்யும் ஒருவர் இல்லையெனில், 8 லட்சம் ரூபாய் மானியம் கொட்டகையில் தூசி படியும். அந்த ஒருவர், ஏறத்தாழ 20,000 ரூபாயில் ஒரு தொகுப்பை வாங்கித் தானே பூட்டி, தானே விழவைத்து, தானே சரிசெய்து கற்றவராகத்தான் இருப்பார். கருவிக்கு மானியம் தருவதைவிடக் கைத்திறனுக்குத் தரும் செலவு மிகக் குறைவு. அதன் பயன் நீண்டகாலத்துக்கானது.

ஐந்தாவதாக, பள்ளிகளிலிருந்தே தொடங்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் 50,000 அடல் செய்முறை ஆய்வகங்களை அமைப்பதாக 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. அத்தகைய ஆய்வகத்துக்கு வரும் ட்ரோன் தொகுப்பு கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்படும் பொருளாகிவிடக் கூடாது. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தில் ஆசிரியர்கள் அதைத் தொடவிடாமல் காப்பது நாம் பார்க்காத காட்சியல்ல. உடைவதைச் செலவினமாக ஏற்றுக்கொள்ளும் தணிக்கை விதி ஒன்று, பத்துப் புதிய தொகுப்புகளைவிடப் பயன்தரும்.

மண்டபம், பாம்பன் கரைகளில் படகு கட்டும் தச்சரை ஓடாவி என்று அழைப்பார்கள். பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீருக்கும் மன்னார் வளைகுடாவின் அலைக்கும் ஏற்பப் படகின் வயிற்றை மாற்றி அமைக்கும் அறிவு அவருடையது. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சான்றிதழ் வழங்கியதில்லை. மரத்திலிருந்து கண்ணாடி இழைக்கு மாறியபோதும், பாயிலிருந்து டீசல் இயந்திரத்துக்கு மாறியபோதும் அந்த அறிவு தன்னைத் தகவமைத்துக்கொண்டது. கடலில் ஒரு படகை விடும் முன் அதைச் செய்து பார்க்கவே கூடாது என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கரையில் மீன்பிடித் தொழிலே இருந்திராது.

வரைவு மசோதா எந்த வடிவில் சட்டமானாலும், அதில் இரண்டு வேறுபாடுகள் தெளிவாக இருக்க வேண்டும். விற்பதற்காகச் செய்பவருக்கும் கற்பதற்காகப் பூட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. பறக்கக் கூடாத இடத்தில் பறந்ததற்கும், பறக்கும் கருவி ஒன்றைச் செய்ததற்கும் உள்ள வேறுபாடு மற்றொன்று. முன்னது குற்றமாகலாம்; பின்னது எந்நாளும் குற்றமாகக் கூடாது. எல்லையைக் காக்கும் ட்ரோன்களை நாளை வடிவமைக்கப் போகிறவர்களில் சிலர் இன்று மண்டபத்திலும் உச்சிப்புளியிலும் பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது, வேலியும் வலையும் கொண்ட ஒரு சிறு திடலும், அங்கே வாரத்தில் சில மணி நேரமும்தான். மாவட்ட நிர்வாகமும் கடற்படையும் ஒருமுறை கலந்து பேசினால் தரக்கூடியவையே அவை.